பழைய டேப்பில் கிடக்கும் சம்பளக் கணக்கு

கேள்வி: கப்பலூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் அலுவலகக் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். 1997 முதல் 2007 வரை எங்கள் சம்பளக் கணக்கும் பி.எஃப். கணக்கும் எஸ்.சி.ஓ. யூனிக்ஸ் சர்வரில் ஓடின. அந்தச் சர்வர் பவர் சப்ளை போய் மூலையில் கிடக்கிறது. அதன் பேக்கப் டேப்கள் ஒரு பீரோ நிறைய இருக்கின்றன. ஓய்வுபெற்ற ஊழியர்கள் உயர் ஓய்வூதியத்துக்காகப் பழைய சம்பள விவரம் கேட்டு வந்துகொண்டே இருக்கிறார்கள். சென்னை ரிச்சி தெருவில் பழைய டி.டி.எஸ்.-4 டிரைவ் ஒன்று வாங்கி, ஸ்கஸி கார்டு போட்டு லினக்ஸ் கணினியில் இணைத்தேன். சில டேப்களுக்கு ‘இன்புட் அவுட்புட் எரர்’ என்கிறது. சிலவற்றுக்கு ‘மெமரி ஒதுக்க முடியவில்லை’ என்கிறது. ஒரு டேப் பாதி படித்துவிட்டு நின்றுவிடுகிறது. 2006 என்று எழுதியிருக்கும் டேப்களை உள்ளே வாங்கிய வேகத்தில் வெளியே தள்ளிவிடுகிறது. ஈரம் ஏறியிருக்கும், அவனில் வைத்துச் சூடாக்கு என்கிறார் நண்பர் ஒருவர். செய்யலாமா? இல்லை, டேப்கள் போனது போனதுதானா?
— ஒரு வாசகர், கப்பலூர்

பதில்: சூடாக்காதீர்கள். அந்த யோசனை எங்கிருந்து வந்தது என்பது தெரியும். 1970, 80களில் வந்த சில பெரிய ரீல் டேப்களில், காந்தத் துகளைப் பிடித்து வைத்திருக்கும் பசை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும். அப்படிப்பட்ட ரீல்களை ஆவணக் காப்பகத்தார் 50 டிகிரியை ஒட்டிய சூட்டில், வெப்பம் சற்றும் ஏறி இறங்காத ஆய்வகப் பெட்டியில் பல மணி நேரம் வைத்து எடுப்பார்கள். உங்களிடம் இருப்பது அந்த டேப் இல்லை. சமையலறை அவனில் வைத்தால் கேசட்டின் பிளாஸ்டிக் கூடுதான் முதலில் வளையும். நண்பர் நல்லெண்ணத்தில் சொல்லியிருப்பார். ஆனால் இருப்பது ஒரே பிரதி. அதை வைத்துப் பரிசோதனை செய்ய நமக்கு உரிமை இல்லை.

இன்னொன்றையும் இன்றே நிறுத்துங்கள்: படிக்காத டேப்பைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது. எல்லா டேப்களிலும் எழுத்துத் தடுப்புச் சில்லை நகர்த்தி வையுங்கள். இந்த வகைக் கேசட்டில் ஓட்டை திறந்திருந்தால் எழுத முடியாது, மூடியிருந்தால் எழுதலாம். ரிச்சி தெரு டிரைவை, தூக்கி எறியத்தக்க ஒரு டேப்பில் எழுதிப் படித்துச் சரிபார்க்கும்வரை பீரோ டேப் எதையும் அதற்குள் விடாதீர்கள். முந்தைய உரிமையாளர் அதை ஏன் விற்றார் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இப்போது நல்ல செய்தி. நீங்கள் சொல்லும் நான்கு கோளாறுகளில் மூன்று, டேப் கெட்டதால் வந்தவையாக எனக்குத் தோன்றவில்லை.

‘மெமரி ஒதுக்க முடியவில்லை’ என்பது கேட்பதற்குத்தான் பயங்கரம். கணினியின் மெமரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டேப்பில் தகவல் பிளாக் பிளாக்காக எழுதப்பட்டிருக்கும். நாம் படிக்கக் கேட்ட அளவைவிட டேப்பில் உள்ள பிளாக் பெரிதாக இருந்தால், லினக்ஸின் டேப் டிரைவர் இந்த வார்த்தைகளில்தான் பதில் சொல்லும். பேக்கப் எடுக்கும் டார் நிரல் வழக்கமாக 10,240 பைட் பிளாக்காக எழுதும். சிபியோ 512 அல்லது 5,120 பைட்டாக எழுதும். பேக்கப் சீக்கிரம் முடியட்டும் என்று 32, 64 கிலோபைட் வரை ஏற்றி வைத்தவர்களும் அந்நாளில் உண்டு. உங்களுக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் அதைச் செய்திருக்கலாம். எம்.டி. கட்டளையில் பிளாக் அளவைப் பூஜ்யம் என்று வையுங்கள். அப்படியென்றால் ‘எந்த அளவு வந்தாலும் வாங்கிக்கொள்’ என்று பொருள். பிறகு டி.டி. கட்டளையில் அளவை 256 கிலோபைட் என்று தாராளமாகக் கொடுத்து, ஒரே ஒரு பிளாக்கை மட்டும் வன்தட்டில் இறக்குங்கள். இறங்கிய கோப்பு எத்தனை பைட்டோ அதுதான் அந்த டேப்பின் பிளாக் அளவு. அதை டேப்பின் லேபிளிலேயே பென்சிலால் குறித்துவிடுங்கள்.

வெளியே தள்ளப்படும் 2006 டேப்களுக்கு வருவோம். கேசட்டின் மேல் எத்தனை மீட்டர் என்று அச்சிட்டிருக்கிறது, பாருங்கள். 120 மீட்டர் என்றால் டி.டி.எஸ்.-2, 125 என்றால் டி.டி.எஸ்.-3, 150 என்றால் டி.டி.எஸ்.-4. 170 மீட்டர் என்றிருந்தால் அது 2003இல் வந்த டாட்-72. அதை உங்கள் டிரைவ் படிக்கவே படிக்காது. ‘இது என் டேப் இல்லை’ என்று திருப்பித் தருகிறது, அவ்வளவுதான். உங்கள் ஆலையில் 2004, 2005 வாக்கில் டிரைவை மாற்றியிருக்கிறார்கள் என்று ஊகிக்கிறேன். டாட்-72 டிரைவ் ஒன்று தேடி வாங்குங்கள். அது 125, 150, 170 மூன்றையும் படிக்கும். 120 மீட்டர் டேப்களுக்கு இப்போதுள்ள டி.டி.எஸ்.-4 வேண்டும். ஆகவே இரண்டும் உங்களிடம் இருக்கட்டும்.

பாதியில் நிற்கும் டேப்பில் இரண்டு சாத்தியங்கள். ஒரே டேப்பில் திங்கள், செவ்வாய், புதன் என்று அடுத்தடுத்து பேக்கப் எடுத்திருந்தால், ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு கோப்புக் குறி இருக்கும். டார் முதல் குறியோடு நின்றுவிடும்; நாம் டேப் முடிந்தது என்று நினைப்போம். சாதனப் பெயரை ‘என்’ எழுத்தோடு கொடுங்கள், அப்போதுதான் டேப் தானாகப் பின்சுற்றாது. அடுத்த கோப்புக்கு நகர்த்திப் படியுங்கள், அதற்கடுத்ததற்கு நகர்த்துங்கள். ‘பிளாங்க் செக்’ என்று பதில் வரும்வரை விடாதீர்கள். இன்னொரு சாத்தியம் வருத்தம் தருவது: பெரிய பேக்கப்பின் மேல் பிற்பாடு யாரோ சிறிய பேக்கப் ஒன்றை எழுதியிருக்கலாம். புதிய முடிவுக்குறிக்கு அப்பால் பழைய தகவல் டேப்பில் இருந்தாலும் சாதாரண டிரைவ் அதைத் தாண்டிப் போகாது. அந்த டேப்பைத் தொடாமல் தனியே வையுங்கள்.

மீதி இருப்பது ‘இன்புட் அவுட்புட் எரர்’. இதில்தான் பொறுமை வேண்டும், ஏனென்றால் பத்து வேறு கோளாறுகளுக்கு இந்த ஒரே பெயர்தான். எது என்பது கெர்னல் பதிவில் அடுத்த வரியில் இருக்கும். அதைப் படிக்காமல் டேப்பைக் குறை சொல்பவர்கள்தான் அதிகம். ‘இன்கரெக்ட் பிளாக் சைஸ்’ என்றிருந்தால் மேலே சொன்ன அதே பிளாக் விவகாரம். பஸ் ரீசெட், பாரிட்டி என்று வரிகள் ஓடினால் கேபிளைப் பாருங்கள். ஸ்கஸி வரிசையின் இரண்டு முனையிலும் டெர்மினேட்டர் இருந்தாக வேண்டும். ஒரு முனையில் இல்லாவிட்டாலும் சில நேரம் வேலை செய்யும், சில நேரம் செய்யாது. அந்த ‘சில நேரம்’தான் ஆளைக் குழப்பி, நல்ல டேப்பைக் குப்பைக்கு அனுப்பிவிடும்.

‘மீடியம் எரர்’ என்று வந்தால்கூட உடனே டேப் என்று முடிவு கட்டாதீர்கள். உங்கள் இடம் நூற்பாலை என்பதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். டி.டி.எஸ்.-2, 3 டேப்களில் ஒரு தடத்தின் அகலம் 9.1 மைக்ரான். டி.டி.எஸ்.-4இல் 6.8. ஒரு பருத்தி இழையோ பெரும்பாலும் 12 முதல் 20 மைக்ரான். உங்கள் கூடத்துக் காற்றில் மிதக்கும் ஒரே ஓர் இழை, ஒரு தடத்தைவிட அகலமானது. அது சுழலும் ஹெட்டில் ஒட்டிக்கொண்டால், கீழே ஓடும் டேப்பை ஹெட் தொடாது. கொஞ்சம் தொலைவு விலகினாலே சிக்னல் போய்விடும். மோசமான நிலையில் அந்த அழுக்கே டேப்பைக் கீறும். ஆகவே டிரைவை அலுவலகத்தில்கூட வைக்காதீர்கள். ஆலைக்கு வெளியே, திருநகரிலோ திருமங்கலத்திலோ ஒரு வீட்டு அறை போதும். புதிய கிளீனிங் டேப் வாங்கி ஓட்டுங்கள். ஒரு கிளீனிங் டேப் ஐம்பது முறை வரைதான் உழைக்கும், தீர்ந்துபோனதை ஓட்டிப் பயனில்லை. ஸ்பிரிட்டும் பஞ்சுக் குச்சியும் எடுத்து ஹெட்டை நீங்களே துடைக்க முயலவேண்டாம். அந்த டிரம்மில் ஹெட் முனைகள் மெல்லியவை, ஒரு இழுப்பில் உடையும்.

பீரோ எங்கே இருந்தது என்று எழுதவில்லை. தகரக் கூரைக்குக் கீழே என்றால் சித்திரை வெயிலில் உள்ளே 40 டிகிரிக்கு மேல் போயிருக்கும். இந்த டேப்களை 32 டிகிரிக்குள் வைக்கச் சொல்வார்கள் தயாரிப்பாளர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரம் வேறு. படிக்கப் போகும் அறையில் டேப்களை ஒரு முழு நாள் சும்மா வைத்திருந்து, அந்த அறையின் வெப்பத்துக்கு வந்தபின் போடுங்கள். வெளியிலிருந்து கொண்டுவந்து ஏ.சி. அறையில் உடனே சொருகுவது கூடாது.

இவ்வளவும் செய்த பிறகும் ‘மீடியம் எரர்’ வருகிற டேப்கள் இருக்கும். அவற்றுக்குத்தான் மூலையில் கிடக்கும் சர்வர் வேண்டும். அதில் போனது பவர் சப்ளை, டிரைவ் இல்லை. உங்களுடையதைப் போலச் சாய்ந்த தடம் எழுதும் டிரைவ்களில் ஹெட்டின் கோணம் நாளடைவில் கொஞ்சம் விலகும். விலகிய டிரைவ் எழுதியதை அதே டிரைவ் படிக்கும். சரியான டிரைவ் படிக்காது. அந்தப் பழைய டிரைவைக் கழற்றி, 50 பின்னா 68 பின்னா என்று பார்த்து, உங்கள் கார்டில் மாட்டுங்கள். சர்வரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். 1966, 67இல் நாசா அனுப்பிய லூனார் ஆர்பிட்டர் விண்கலங்களின் நிலாப் படங்கள் டேப்களில் இருந்தன. டேப்கள் பத்திரமாக இருந்தும் பல ஆண்டு யாராலும் படிக்க முடியவில்லை, படிக்கும் இயந்திரம் எங்கும் ஓடும் நிலையில் இல்லை. நான்சி எவன்ஸ் என்ற ஆவணக் காப்பாளர் அந்த ஆம்பெக்ஸ் டிரைவ்களைத் தூக்கி எறிய மனமில்லாமல் தன் வீட்டில் வைத்திருந்தார். அவற்றைப் பழுதுபார்த்துத்தான் 2008இல் முதல் படம் வந்தது. நிலாவிலிருந்து பூமியைக் கண்ட படம் அது.

டேப் ஓட ஆரம்பித்ததும் ஆசையில் கோப்புகளைப் பிரிக்காதீர்கள். முதல் ஓட்டத்தில் டேப்பை அப்படியே, பிரிக்காமல், கோப்புக் குறிக்கு ஒரு கோப்பாக வன்தட்டில் இறக்குங்கள். இரண்டாம் முறை அந்த டேப் ஓடும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. பிரிப்பது, தேடுவது எல்லாம் அந்தப் பிரதியில் நடக்கட்டும். டார், சிபியோ இரண்டுமே வாங்க மறுத்தால், பைட்டுகள் இரண்டிரண்டாக இடம் மாறியிருக்கலாம், டி.டி. கட்டளையிலேயே ஜோடியை மாற்றிப்போடும் வசதி உண்டு.

சம்பள நிரல் எதில் எழுதியது? ஃபாக்ஸ்ப்ரோ என்றால் டி.பி.எஃப். கோப்புகள் இருக்கும், லிப்ரே ஆபீஸில் அப்படியே திறக்கும். கோபோல் என்றால் கொஞ்சம் பாடு: தொகைகளைச் சுருக்கிப் பைட்டுக்கு இரண்டு இலக்கமாக அடைத்திருப்பார்கள், எந்தப் பத்தி எது என்பது மூல நிரலில் மட்டுமே இருக்கும். நிரல் கிடைக்காவிட்டாலும் வழி உண்டு. ஓய்வூதியப் பங்கு 8.33 சதவீதம். அந்நாளில் உச்சவரம்புச் சம்பளம் 2001 மே வரை 5,000 ரூபாய், அதன்பின் 6,500. ஆகவே வரம்பைத் தொட்டவர்களுக்கு 2001 மே மாதம்வரை 417 ரூபாயும், ஜூன் முதல் 541 ரூபாயும் திரும்பத் திரும்ப வரும். கோப்பை ஹெக்ஸ் வடிவில் திறந்து அந்த எண்களைத் தேடுங்கள். பல ஊழியர்களுக்கு ஒரே தொகை ஒரே இடத்தில், ஜூன் 2001இல் சொல்லி வைத்தாற்போல் மாறினால், அதுதான் ஓய்வூதியப் பத்தி. அதன் பக்கத்திலிருந்து சம்பளப் பத்தியைப் பிடித்துவிடலாம்.

கிடைத்ததை அப்படியே சான்றாகக் கொடுத்துவிடாதீர்கள். 3ஏ, 6ஏ படிவங்களின் அலுவலகப் பிரதிகள் உங்கள் ஆலையின் பழைய கோப்புகளில் ஏதாவது ஓர் ஆண்டுக்காவது இருக்கும். அந்த ஆண்டை டேப்பிலிருந்து எடுத்ததோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். ஒரு பைசா வித்தியாசம் வந்தாலும் காரணம் தெரியாமல் மேலே போகவேண்டாம். 2022 நவம்பர் 4 அன்று உயர் ஓய்வூதியம் குறித்து உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்ததிலிருந்து இந்தக் கணக்குகளுக்காக அலைபவர்கள் எல்லாரும் வயதானவர்கள். அவர்கள் உழைத்ததற்கான தாள் எங்கும் இல்லையென்றால் நிரூபிக்க அவர்களிடம் வேறு எதுவும் இருக்காது. நீங்கள் டேப்களைக் குப்பையில் போடாமல் எனக்கு எழுதியதற்கு அவர்கள் சார்பில் நன்றி சொல்கிறேன்.

அடுத்த கடிதத்தில் மூன்று விவரம் அனுப்புங்கள்: ஒவ்வொரு டேப்பிலும் அச்சிட்டுள்ள மீட்டர் அளவு, பிழை வந்தபோது கெர்னல் பதிவில் வந்த வரிகள், பழைய டிரைவின் பின்பக்க ஒட்டுத்தாளில் உள்ள மாடல் எண். பதிவு வரிகளைச் சுருக்காமல் முழுதாக எழுதுங்கள்.