திராட்சைத் தோட்டத்தில் நடை சுற்றுலா: ஸ்பெயினின் ரியோஹா தரும் பாடம்

விளைபொருளை விற்றுப் பணம் காண்பது எல்லா விவசாயிகளும் அறிந்ததே. பயிர் விளையும் நிலத்தைக் காட்டியும் ஒரு கிராமம் வருவாய் பெற முடியும். இதற்கு ஸ்பெயின் நாட்டின் வடபகுதியில் உள்ள ரியோஹா நல்ல எடுத்துக்காட்டு. அங்கே வழிகாட்டியுடன் திராட்சைத் தோட்டங்களின் ஊடே நாள்தோறும் நடந்து, இரவில் கிராமங்களில் தங்கிச் செல்ல வெளியூர்களிலிருந்து மக்கள் வருகின்றனர். அவர்கள் எதைக் காண வருகிறார்கள், அவர்கள் செலவிடும் பணம் யார் கைக்குப் போகிறது என்பதைச் சிறு விவசாயிகள் அறிந்துகொள்வது பயன் தரும்.

மண்ணும் மழையும்

உலகில் மிக அதிகமான பரப்பில் திராட்சை பயிரிடும் நாடு ஸ்பெயின். அதன் திராட்சைப் பரப்பு 9 லட்சம் எக்டேருக்கு மேல். இதில் ரியோஹாவின் பங்கு ஏறத்தாழ 65,000 எக்டேர். எப்ரோ ஆற்றின் இருமருங்கிலும் இப்பகுதி அமைந்துள்ளது. வடக்கே சியரா தே கந்தாப்ரியா மலைத்தொடர் மதில்போல் நின்று, அட்லாண்டிக் கடலிலிருந்து வரும் குளிர்ந்த ஈரக் காற்றைத் தடுக்கிறது. ஆண்டு மழை பல இடங்களில் 400 முதல் 500 மி.மீ. வரைதான். ஆற்றோரத்தில் வண்டல், சில சரிவுகளில் இரும்புச்சத்து மிகுந்த செம்மண், மலையடிவாரத்தில் சுண்ணாம்பு கலந்த களிமண் என மண் மாறிக்கொண்டே போகும். வாகனத்தில் விரைபவருக்கு இந்த வேறுபாடு தெரியாது. நடப்பவருக்குக் காலடியிலேயே தெரியும்.

நடை எவ்வாறு அமைகிறது?

பயணிகள் நாளொன்றுக்குப் பொதுவாக 10 முதல் 17 கி.மீ. வரை நடக்கின்றனர். மூட்டை முடிச்சுகளை ஒரு வண்டி அடுத்த ஊருக்கு முன்னதாகவே கொண்டு சேர்த்துவிடுகிறது. ஏற்ற காலம் மே, ஜூன் மாதங்களும், அறுவடைக் காலமான செப்டம்பர், அக்டோபர் மாதங்களும் ஆகும்.

லோக்ரோன்யோ நகரிலிருந்து மட்பாண்டத் தொழிலுக்குப் பெயர் பெற்ற நவரேத்தே 13 கி.மீ. தொலைவு. அங்கிருந்து செம்பாறைக் குன்றுகளின் அடியில் உள்ள நாஹெரா ஏறத்தாழ 16 கி.மீ. இந்த வழி புதிதாக வெட்டியதன்று. சாந்தியாகோ திருத்தலத்துக்கு யாத்திரிகர்கள் பல நூற்றாண்டுகளாக நடந்த பாதை. 1993இல் யுனெஸ்கோ இதை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. வழி காட்ட மஞ்சள் அம்புக்குறிகள் தீட்டப்பட்டுள்ளன. அதாவது, இருந்த பாதையைப் பேணிக் காத்ததே முதலீடு.

மற்றொரு நாள் குன்றின்மேல் மதில் சூழ்ந்த லாகுவார்தியா ஊரைக் காணலாம். அவ்வூரின் வீடுகளுக்கு அடியில் நிலத்தைக் குடைந்து அமைத்த மது அறைகள் உள்ளன. கோடையிலும் அவை குளிர்ச்சியாக இருக்கும். மதிலுக்குள் வாகனங்களைப் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை.

செடியில் காண வேண்டியவை

கம்பம் பள்ளத்தாக்கில் காணும் பந்தல் முறை அங்கு இல்லை. பழைய தோட்டங்களில் கொடியைத் தாங்குகால் இன்றிக் குட்டையான குத்துச்செடியாக வளர்க்கின்றனர். அடிமரத்தில் மூன்று கைகள். ஒவ்வொரு கையிலும் இரண்டு கட்டைகள். ஒவ்வொரு கட்டையிலும் இரண்டு கண்கள். ஆகச் செடிக்கு 12 கண்களுக்கு மேல் விடுவதில்லை. குளிர்காலத்தில் செடி இலையுதிர்த்து உறங்கும்போது கவாத்து செய்கின்றனர். கண்கள் குறைவாதலால் குலைகளும் குறைவு. மழை குறைந்த நிலத்தில் செடி தன் சக்திக்கேற்ற சுமையை மட்டுமே தாங்குகிறது. புதிய தோட்டங்களில் கம்பி கட்டிப் படரவிடும் முறையும் பரவியுள்ளது.

முக்கிய ரகம் தெம்ப்ரனீயோ. ‘முன்னதாக’ என்று பொருள்படும் ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. சற்று முந்திப் பழுப்பதால் அமைந்தது. ஆனால் வசந்த காலத்தில் உறைபனி வந்தால் இளந்தளிர்கள் கருகிவிடும். 2017 ஏப்ரல் 28 அதிகாலையில் விழுந்த உறைபனி அவ்வாண்டு பெருஞ்சேதம் விளைவித்தது.

செடியின் அடியில் ஒட்டுக்கட்டிய இடத்தையும் வழிகாட்டிகள் காட்டுவதுண்டு. பில்லாக்செரா என்னும் வேர்ப் பூச்சி 1860களில் பிரான்சில் பரவியபோது, அந்நாட்டு வணிகர்கள் மதுவுக்காக ரியோஹாவுக்கு வந்தனர். ஆரோ நகரின் இரயில் நிலையத்தைச் சுற்றி மது நிலையங்கள் எழுந்தன. 1899இல் அதே பூச்சி ரியோஹாவிலும் தோன்றியது. பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்ச்செடியில் உள்ளூர் ரகத்தை ஒட்டுக்கட்டிய பிறகே தோட்டங்கள் மீண்டன.

மகசூலுக்கும் உச்ச அளவு

ரியோஹா என்ற பெயரில் விற்க வேண்டுமானால், சிவப்புத் திராட்சையில் எக்டேருக்கு 6,500 கிலோவுக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது அடிப்படை விதி. இது ஏக்கருக்குச் சுமார் 2,630 கிலோ. வெள்ளைத் திராட்சைக்கு 9,000 கிலோ. ஒவ்வொரு விவசாயிக்கும் ஓர் அட்டை உண்டு. எடை போடும் இடத்தில் அவர் தரும் அளவு அதில் பதிவாகும். அதிகம் விளைவித்து ஊரின் பெயரைக் கெடுக்காமலிருக்க இந்த ஏற்பாடு. பெயரைக் காக்கும் ஒழுங்கு அமைப்பு 1926இல் நிறுவப்பட்டது.

பணம் யாருக்கு?

பெயர் இருந்தும் திராட்சை விற்பவரின் நிலை எளிதன்று. சிவப்பு ஒயின் விற்பனை குறைந்து சரக்கு தேங்கியதால், 2023இல் பச்சைக் குலைகளை வெட்டி வீழ்த்தவும், தேங்கிய ஒயினை வடித்து எரிசாராயமாக்கவும் அரசு உதவித்தொகை தர நேர்ந்தது. விலை உற்பத்திச் செலவுக்குக் குறையக் கூடாது, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டின் உணவுச் சங்கிலிச் சட்டமும் அதன் 2021ஆம் ஆண்டுத் திருத்தமும் கூறுகின்றன. எனினும் வாங்குவோர் குறைந்தால் சட்டம் மட்டும் களத்தை நிரப்பாது.

நடைப் பயணியின் பணம் வழிகாட்டிக்கும், தங்கும் விடுதிக்கும், உணவகத்துக்கும், வண்டிக்காரருக்கும் போகிறது. தன் பெயரில் புட்டியிட்டு வாசலிலேயே விற்கும் சிறு உற்பத்தியாளரும் பங்கு பெறுகிறார். பழத்தை ஆலைக்கு எடை போட்டுக் கொடுப்பதோடு நிற்பவருக்கோ, தம் வரப்போரம் நூறு பேர் நடந்து போனாலும் காசு சேராது. இதுவே ரியோஹா நமக்குக் காட்டும் முக்கியமான பாடம்.

கவனிக்க வேண்டியவை

1. பாதையும் நிழலும் குடிநீரும் ஊர் முழுவதற்கும் பொதுவானவை. இவற்றை ஊரார் கூடிப் பேண வேண்டும்.

2. தனித்தன்மையே பயணியை ஈர்க்கிறது. பழைய மரம், பழைய கவாத்து முறை, உள்ளூர் ரகம் ஆகியவற்றை அவசரப்பட்டு அழித்துவிடக் கூடாது.

3. மருந்து தெளிக்கும் நாளில் அத்தோட்டத்தின் வழியே யாரையும் அனுப்பலாகாது. பழம் பறிப்பதும் உழுத மண்ணை மிதிப்பதும் கூடாது என்பதை முன்னதாகவே சொல்லிவிட வேண்டும்.

4. வருகின்றவருக்கு விற்கத் தம் கையால் பக்குவப்படுத்திய பொருள் ஒன்றாவது விவசாயியிடம் இருக்க வேண்டும். தனியே முடியாவிட்டால் கூட்டுறவாகச் செய்யலாம்.

5. சுற்றுலா துணை வருவாயே. உறைபனியோ நோயோ வந்து பயணிகள் நின்றுவிட்டாலும் குடும்பத்தைத் தாங்க வேண்டியது நிலம்தான். ஆகவே மண்வளத்துக்கும் கவாத்துக்கும் செலவிட வேண்டிய நேரத்தை விருந்தினருக்காகக் குறைத்துக்கொள்ளலாகாது.