அங்கீகாரம் வேறு, இணைப்பு வேறு

கேள்வி: மகளைச் சேர்க்க நினைக்கும் தனியார் பள்ளியின் பலகையில் 'அரசு அங்கீகாரம் பெற்றது' என்று இருக்கிறது. சிபிஎஸ்இ இணைப்பும் அதுவும் ஒன்றுதான் என்கிறார்கள். அப்படியா?
– வாசகர், லம்பா லைன், அந்தமான்

பதில்: இல்லை. அங்கீகாரம் தருவது அந்தமான் நிர்வாகத்தின் கல்வித் துறை. அது இல்லாமல் தனியார் பள்ளி நடத்தினால், 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 18-ஆம் பிரிவுப்படி 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். தொடர்ந்து நடத்தினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய். இணைப்பு தருவது டெல்லியிலுள்ள சிபிஎஸ்இ. 10, 12-ஆம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு மாணவர்களை அனுப்பப் பள்ளிக்கு அது வேண்டும். எட்டாவது வரை மட்டும் என்றால் அங்கீகாரம் போதும். மேலே படிக்க வேண்டுமென்றால் இணைப்பு எண்ணைக் கேட்டு வாங்கி, எந்த வகுப்பு வரை, எந்த ஆண்டு வரை என்று சிபிஎஸ்இ இணையதளத்தில் சரிபாருங்கள். 'விண்ணப்பித்திருக்கிறோம்' என்ற பதிலை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.