கருவுற்ற தாய்மாரும் ஒருசந்தியும்



தவக்காலம் வந்ததும் கோயில் விறாந்தையில் ஆண்டுதோறும் ஒரு கேள்வி எழும். “சுவாமி, இவள் பிள்ளைத்தாச்சி. ஒருசந்தி விட்டால் பாவமோ?” கேட்பவர் பெரும்பாலும் மாமியார். மருமகள் பேசாது நிற்பாள்.

பாவமில்லை. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டப்படி ஒருசந்தி நாட்கள் இரண்டே: விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும். பதினெட்டு வயது நிறைந்தவர்களை அறுபதாம் வயது தொடங்கும்வரை அது கட்டுப்படுத்தும். கருவுற்றோரும் பாலூட்டுவோரும் நோயாளரும் அதற்கு விலக்கானவர்கள் என்பது நெடுங்காலப் போதனை. ஆயினும் நம் வீடுகளில் சிலர் நாற்பது நாளும் காலை உணவை விட்டு, மீனையும் தள்ளிவிடுகிறார்கள். என் கவலை இதைப் பற்றியதே.

கர்ப்ப காலத்தில் தாயின் இரத்தத்தின் அளவு ஏறக்குறைய அரைப்பங்கு கூடுகிறது. அதற்கு இரும்புச்சத்து வேண்டும். ஈமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் இரத்தச்சோகை என்பர் மருத்துவர். இரத்தம் குறைந்த தாய்க்குப் பிரசவத்தில் கடும் இரத்தப்போக்கு ஏற்பட்டால், மற்றவர் தாங்குவதை அவளால் தாங்க இயலாது. உயிருக்கே ஆபத்து.

கிளினிக்கில் தரும் இரும்பு மாத்திரையைத் தேநீருடன் விழுங்குவோர் பலர். தேநீர் இரும்பு உடலிற் சேர்வதைத் தடுக்கும் (நாம் குடிக்கும் சாயத்தில் மாத்திரை தோற்றுத்தான் போகும்!). தண்ணீருடன் எடுங்கள், தேநீருக்கு இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். கல்சியம் மாத்திரையையும் வேறு வேளைக்கு வையுங்கள். மலம் கறுத்தால் பயந்து நிறுத்த வேண்டாம். அது மாத்திரையின் இயல்பு. மீன், பயறு, கீரை, முருங்கையிலை நல்லவை. கீரைக்குத் தேசிக்காய்ப் புளி விட்டால் இரும்பு நன்றாகச் சேரும்.

பிள்ளை பிறந்த பின்னும் இதை மறக்கலாகாது. பத்தியம் என்று சோற்றையும் தண்ணீரையும் அளந்து கொடுக்கும் வீடுகள் இன்னும் உண்டு. முதல் ஆறு மாதமும் பிள்ளைக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும். ஆனால் அந்தத் தாய் முன்னையிலும் கூடுதலாக உண்ண வேண்டும், தாகத்துக்குக் குடிக்க வேண்டும். எல்லோரும் உண்டபின் சட்டியில் மிஞ்சுவதை அவளுக்கு வைப்பது முறையல்ல.

“ஒறுத்தல் ஒன்றுமே இல்லையோ, சுவாமி?” என்று மனம் கேட்கும் வீட்டாருக்கு ஒரு வழி சொல்வேன்: அந்த நாற்பது நாளும் கணவர் கிணற்றில் தண்ணீர் அள்ளிக் கொடுத்து, கிளினிக் நாளில் மனைவியுடன் கூடப் போகட்டும்.