வண்டி எடுத்த தம்பிக்கு

தவணையில் ஜேசிபி எடுத்திருக்கிறாய் தம்பி, நல்லது. வாடகையை மணிக்கணக்கில்தானே வாங்கப் போகிறாய்? சர்வீஸையும் அதே ஹவர் மீட்டரைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். "போன ஆடியில்தான் ஆயில் மாற்றினோம்" என்ற பேச்சு இதற்கு ஆகாது. ஆயிலும் ஃபில்டரும் எத்தனை மணிக்கு ஒருமுறை என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். அடுத்த சர்வீஸ் மணியைத் தாளில் எழுதி கேபினுக்குள் ஒட்டிவிடு.

காலையில் சாவி போடும் முன் அரை மணி நேரம் ஒதுக்கு. எஞ்சின் ஆயில், ரேடியேட்டர் தண்ணீர், ஹைட்ராலிக் ஆயில் மூன்றையும் வண்டியைச் சமதரையில் நிறுத்திப் பார். டீசல் ஃபில்டரின் அடியில் தேங்கிய தண்ணீரைத் திறந்துவிடு. முந்தின சாயங்காலமே டேங்க்கை நிரப்பிவிட்டால் ராத்திரி உள்ளே ஈரம் கட்டுவது குறையும். கிரீஸில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். நிப்பிளைத் துணியால் துடைத்து, பழைய கிரீஸ் பிதுங்கி வரும்வரை அடி. துடைக்காமல் அடித்தால் மண்ணும் சேர்ந்தே உள்ளே போகும். பின்னும் புஷ்ஷும் தேய்ந்து வரும் பில் உன் ஒரு மாதத் தவணையை விழுங்கிவிடும்.

கோடையில் ஏரி தூர்வாரும் வேலையில் ஏர் ஃபில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அதைக் கழற்றி டயரில் தட்டி உதறாத ஆபரேட்டரை நான் பார்த்ததே இல்லை! தட்டினால் ஃபில்டர் பேப்பர் கிழியும், தூசி நேரே எஞ்சினுக்குப் போகும். உள் ஃபில்டரைச் சுத்தம் செய்யவே கூடாது, புதிதாக மாற்று.

ஹைட்ராலிக் ஹோஸ் கசிந்தால் விரலால் தடவிப் பார்க்காதே. உள்ளே அழுத்தம் 200 பாருக்கு மேல். லாரி டயரில் இருப்பதைப் போல இருபது மடங்கு. ஊசித் துளையில் பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே எறும்பு கடித்த மாதிரிதான் தெரியும், வலிகூட அப்போது இருக்காது. மருந்து தடவிக்கொண்டு உட்காராமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ, நடந்ததை டாக்டரிடம் சொல். தாமதித்தால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். கசிவைத் தேட ஒரு அட்டைத் துண்டு போதும். ஹோஸைக் கழற்றும் முன் பக்கெட்டைத் தரையில் இறக்கி, எஞ்சினை அணைத்து, லீவர்களை அசைத்து அழுத்தத்தை விடு. தூக்கிய லோடருக்கு அடியில் பூட்டுக்கட்டை போடாமல் யாரும் குனியக் கூடாது.

கரண்ட் கம்பிக்கும் பக்கெட்டுக்கும் நடுவே குறைந்தது 3 மீட்டர் விடு. தொட்டுவிட்டால் கேபினிலேயே இரு, யாரையும் கிட்டே விடாதே, மின்சார வாரியத்துக்குப் போன் செய்யச் சொல். வண்டி தீப்பிடித்தால்தான் இறங்க வேண்டும்: வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரண்டு காலையும் சேர்த்துக் குதித்து, சேர்த்தபடியே தத்தித் தத்திப் போ.

திருவண்ணாமலை மலை அடிவாரத்தில் மனைக்காகச் சரிவை வெட்டக் கூப்பிட்டால் யோசி. 2024 டிசம்பர் 1, ஃபெஞ்சல் புயல் மழையில் வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஏழு பேர் போனார்கள், ஐந்து பேர் குழந்தைகள். அது மழை செய்தது. ஆனால் நீர் குடித்த சரிவின் காலை வெட்டினால் அதே வேலையை நீ செய்கிறாய். "ஒரு மணி நேர வேலைதான்" என்பார்கள். மழைக்காலத்தில் முடியாது என்று சொல்லிவிடு. மற்ற இடத்திலும் பள்ளத்தின் விளிம்பில் மண்ணைக் குவிக்காதே, ஒன்றரை மீட்டராவது தள்ளிக் கொட்டு. ஜாக்குக்கு அடியில் கட்டை போடு. பெல்ட் போட்டுக்கொள். வண்டி சாய்ந்தால் வெளியே குதிக்கத்தான் தோன்றும். குதித்தவன்மேல்தான் வண்டி விழும்.

கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரிலும் பௌர்ணமிக்கு முந்தின நாள் மதியமே வேலையை முடித்து, வண்டியைப் பாதையை விட்டு வெளியே எடுத்துவிடு. ஜனங்கள் இருட்டில் வெறுங்காலோடு நடப்பார்கள், பிள்ளைகள் ஓடுவார்கள். மற்ற நாளிலும் பின்னால் எடுக்கும்போது விசிலோடு ஓர் ஆள் நிற்கட்டும். அவனுக்குப் படிக்காசு மிச்சம் பிடிக்காதே தம்பி.