சேதாரத்தில் வந்த சம்பளம்

கேள்வி: சம்பளத்தைக் கூட்டினால் அதிகாரிகள் லஞ்சம் வாங்க மாட்டார்கள் என்கிறார்களே, எங்காவது செய்து பார்த்திருக்கிறார்களா?

பதில்: சீனாவில் செய்து பார்த்தார்கள். சிங் அரசர்கள் காலத்தில் ஒரு வட்டார அதிகாரிக்கு ஆண்டுச் சம்பளம் 45 லியாங் வெள்ளி. ஏறக்குறைய 1.7 கிலோ. அந்தரங்க ஆலோசகர்களுக்கும் அவரே தன் கையிலிருந்து படியளக்க வேண்டும். பிறகு எப்படிப் பிழைப்பது? குடியானவர் வரியாகக் கொண்டுவரும் துண்டு வெள்ளியை உருக்கிக் கட்டியாக வார்க்கும்போது எடை கொஞ்சம் குறையும். அந்தச் சேதாரத்தையும் குடியானவர் தலையிலேயே கட்டினார்கள். குறைந்தது கொஞ்சம், வசூலித்தது அதிகம். நகைக்கடைக்குப் போய் வந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

1724-ல் யோங்ஜெங் பேரரசர் இதை ஒழிக்கவில்லை, கணக்கில் ஏற்றினார்! சேதாரப் பணம் மாகாணக் கருவூலத்துக்குப் போனது. அதிலிருந்தே அதிகாரிகளுக்கு 'நேர்மையை வளர்க்கும் வெள்ளி' என்று ஒரு படி. பலருக்கு அது சம்பளத்தைப்போல் பத்து மடங்குக்கும் மேல். கெட்டிக்காரத்தனம்தான், கொஞ்ச காலம் பலிக்கவும் செய்தது. பிறகு விலைவாசி ஏறியது, படி ஏறவில்லை. அபராதம், நன்கொடை என்று மேலிடமே அதில் கை வைத்தது. பழைய மாமூல் மெல்லத் திரும்பியது. அரசவையில் கோலோச்சிய ஹெஷென் ஊழலுக்காகக் கைதாகி, சொத்து முழுவதும் பறிமுதலானது 1799-ல்.