தாடி ஓணான் ஏன் சாப்பிடவில்லை?

கேள்வி: எங்கள் வீட்டில் இரண்டு வயதுப் பெண் பியர்டட் டிராகன் (தாடி ஓணான்) இருக்கிறது. உரிமம் எடுத்துத்தான் வளர்க்கிறோம். ஜூன் பிறந்ததிலிருந்து அதன் சாப்பாடு குறைந்துகொண்டே வந்தது. இப்போது பத்து நாளாக எதையும் தொடுவதில்லை, ஒரு வாரமாக எச்சமும் இல்லை. கரப்பானைக் கண்டால் பாய்ந்து வரும் பிராணி, மரக்கட்டைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது. தொட்டியில் மணல் பரப்பியிருக்கிறோம், விளக்கும் எரிகிறது. குளிர்காலத்தில் அது தூங்குவது சகஜம் என்கிறார் கடைக்காரர். விளக்கெண்ணெய் கொடுத்துப் பார் என்கிறார் அம்மா. ஆறு வயது மகன் அழுகிறான். வாயைத் திறந்து ஊட்டிவிடலாமா?
– ஒரு வாசகி, சிட்னி

பதில்: ஊட்ட வேண்டாம், விளக்கெண்ணெயும் வேண்டாம். உடம்பு குளிர்ந்து கிடக்கும் ஓணானின் வயிற்றில் உணவைத் திணித்தால் அது செரிக்காமல் உள்ளேயே அழுகும். திமிறும் பிராணியின் வாயில் எண்ணெயை விட்டால் மூச்சுக்குழலுக்குள் இறங்கி நுரையீரலைக் கெடுக்கும். சாப்பிடாத ஓணானுக்கு வீட்டில் செய்யப்படும் இந்த வலுக்கட்டாயமான ஊட்டல் பெரும் கேடு விளைவிக்கக்கூடும். வாசகி முதலில் பார்க்க வேண்டியது விளக்கை.

சிட்னியில் கூண்டில் வாழ்ந்தாலும் இதன் சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாடு. நம் ஊர் வேலியில் தலையாட்டும் ஓணானும் இதுவும் ஒரே அகாமிடே குடும்பம். காலையில் வேலிக்கம்பத்திலோ பாறையிலோ ஏறி வெயில் காயும். உடல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸை ஒட்டி உயர்ந்தால்தான் குடல் சரியாக அசையும், செரிமான நொதிகள் முழு வேகத்தில் வேலை செய்யும். தொட்டியில் விளக்குக்கு நேர் கீழே உள்ள கல்லோ கட்டையோ 38 முதல் 42 டிகிரி வரை சூடாக இருக்க வேண்டும். மறுமுனை 25 டிகிரியை ஒட்டி இருந்தால் போதும். சூடு ஏறினால் அது தானே நகர்ந்துகொள்ளும்.

வாசகியின் கடிதத்தில் “விளக்கும் எரிகிறது” என்றுதான் இருக்கிறது. எத்தனை டிகிரி என்று இல்லை. ஜனவரிக் கோடையில் 40 டிகிரி தந்த அதே பல்பு, ஜூன் மாதத்துக் குளிர்ந்த அறையில் 32 டிகிரிகூடத் தராமல் போகலாம். கண்ணாடியில் ஒட்டும் வட்ட வெப்பமானி சுவரின் சூட்டைத்தான் காட்டும். ஓணான் படுக்கும் இடத்தின் சூட்டை அறிய, கையில் பிடித்துக் குறிபார்க்கும் இன்ஃப்ராரெட் வெப்பமானி வேண்டும்.

அடுத்தது யூ.வி.பி. விளக்கு. வெளிச்சமும் சூடும் இருந்துவிட்டால் யூ.வி.பி. இருப்பதாகப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். 290 முதல் 320 நானோமீட்டர் வரையிலான இந்தக் கதிர் கண்ணுக்குத் தெரியாது. அது தோலில் பட்டால்தான் வைட்டமின் டி3 உருவாகும். டி3 இருந்தால்தான் உணவிலுள்ள சுண்ணாம்புச்சத்து உடம்பில் சேரும். சுண்ணாம்புச்சத்து குறைந்தால் எலும்பு மெலிவதோடு குடல் தசையும் தளர்ந்து மலச்சிக்கல் வரும். குழல் விளக்கு நன்றாக எரிவதுபோலத் தோன்றினாலும், வகையைப் பொறுத்து ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் அதன் யூ.வி.பி. பெரிதும் குறைந்துவிடும். சாத்திய ஜன்னலோரம் வைத்து வெயில் காட்டுவதும் உதவாது. ஜன்னல் கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும்.

கடைக்காரர் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஒரு வயது தாண்டிய தாடி ஓணான்கள் ஆஸ்திரேலியக் குளிர்காலமான ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மந்தமாகி, மறைவிடம் தேடி, வாரக்கணக்கில் உண்ணாமல் கிடப்பதுண்டு. புரூமேஷன் எனப்படும் இந்தக் குளிர்கால ஓய்வில் எடை அதிகம் குறையாது என்பதே முக்கிய அடையாளம். ஆகவே சமையலுக்குப் பயன்படுத்தாத ஒரு மின்னணுத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்து எழுதி வைப்பது நல்லது. பத்து சதவீதம் குறைந்துவிட்டால் அதை ஓய்வு என்று சொல்லிக் காத்திருக்கக் கூடாது. வயிற்றில் உணவோடு குளிர விடுவதும் தவறு. கடைசியாகச் சாப்பிட்ட பிறகு ஒன்றிரண்டு வாரம் விளக்கைக் குறைக்காமல் வைத்து, குடல் காலியான பின்தான் குளிர விட வேண்டும்.

இந்தக் கேள்வியில் கடைக்காரர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது: பிராணி பெண், வயது இரண்டு. ஆண் துணையே இல்லாமலும் பெண் ஓணான் முட்டை உருவாக்கும். முட்டையிடும் நாள் நெருங்கும்போது பசி குறையும், மூலையில் தோண்டும், வயிற்றின் இருபக்கமும் கோலிக்குண்டு போலத் தட்டுப்படும். ஈர மண் நிரப்பிய ஆழமான பெட்டி கிடைத்தால் பெரும்பாலும் தானே இட்டுவிடும். முட்டை உள்ளேயே தங்கிச் சோர்ந்துவிட்டால் உயிருக்கு ஆபத்து. எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும்.

எச்சம் வராததைப் பற்றி அதிகம் பதற வேண்டாம். சாப்பிடாத பெரிய ஓணான் ஒரு வாரம் எச்சம் போடாமல் இருக்கக்கூடும். கவலை தருவது மணல்தான். இரையோடு மணலையும் விழுங்கினால், உடலில் சூடும் நீரும் குறைந்த நேரத்தில் அது குடலில் கட்டிக்கொள்ளும். மணலை எடுத்துவிட்டுத் தற்போதைக்குக் காகிதம் விரிக்கலாம். 30–32 டிகிரி வெதுவெதுப்பான நீரில், தோளுக்குமேல் போகாமல் பதினைந்து நிமிடம், யாராவது பக்கத்திலேயே இருந்து குளிக்க வைத்துத் துடைத்து விளக்கின் கீழ் விடலாம். வயிறு உப்பிக் கெட்டியாவது, முக்கியும் வராதது, பின்னங்காலை இழுத்து நடப்பது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் ஊர்வன சிகிச்சையில் அனுபவமுள்ள கால்நடை மருத்துவரிடம் அன்றே போக வேண்டும்.

வாந்தி எடுத்தாலும் அப்படியே. தாடி ஓணான்களுக்கு இரைப்பையில் ஒருவகைப் புற்றுநோய் வருகிறது. முதுமைக்குக் காத்திராமல் இளம் வயதிலேயே தாக்கும் நோய் அது; பசியின்மையும் வாந்தியும் அதன் அறிகுறிகள். இதைவிட அடிக்கடி காணப்படுவது காக்சிடியா என்ற நுண்ணிய ஒட்டுண்ணி. அது பெருகினால் கழிச்சல், நாற்றம், மெலிவு வரும். நூல் புழுக்கள் சில, நலமான ஓணானின் குடலிலும் இருக்கும் என்பதால், பூச்சி மருந்தைத் தானாக வாங்கிக் கொடுக்காமல் புதிய எச்சத்தைப் பரிசோதித்த பிறகே சிகிச்சை தொடங்க வேண்டும். எச்சத்தோடு வரும் வெள்ளைப் பகுதி யூரிக் உப்பு. அது மஞ்சளாகிக் கெட்டிப்பட்டிருந்தால் உடம்பில் நீர் குறைந்திருக்கிறது.

உணவைப் பற்றி வாசகி எழுதியது குறைவு. வளர்ந்த ஓணானுக்குத் தட்டில் பெரும்பகுதி இலை, காய், பூச்சி குறைவு. குட்டிக்கு இது தலைகீழ். பூச்சியின் அளவு, ஓணானின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைத் தாண்டக் கூடாது. கடைகளில் ஊடீஸ் என்று விற்கும் சிறிய கரப்பான்கள் நல்ல இரை. பாலக்கீரையிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச்சத்தைப் பிடித்துவைத்துக்கொள்வதால் அதைத் தினமும் கொடுக்க வேண்டாம். தோட்டத்துப் பூச்சிகளில் பூச்சிக்கொல்லி இருக்கலாம். மின்மினி வேண்டவே வேண்டாம். சில வகைகளில் ஒன்றே ஒன்று போதும், ஓணான் இறந்துவிடும்.

மகன் அதைத் தொடலாமா என்று வாசகி கேட்கவில்லை. ஆனாலும் சொல்லியாக வேண்டும். நலமாகத் தெரியும் ஓணானின் எச்சத்திலும் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும். 2012 முதல் 2014 வரை அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்டோரை நோயில் தள்ளிய சால்மொனெல்லா கோத்தம் வகை, வீட்டில் வளர்த்த தாடி ஓணான்களிலிருந்து பரவியது. பாதிக்கப்பட்டவர்களில் பாதிக்குமேல் ஐந்து வயதும் அதற்குக் குறைவுமான குழந்தைகள். சிறுவன் தொடலாம், தொட்டதும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், முத்தம் கூடாது. வெதுவெதுப்பான நீர்க் குளியலுக்குத் தனி வாளி வைத்துக்கொள்ளட்டும். சமையலறைத் தொட்டியில் ஓணானைக் குளிப்பாட்ட வேண்டாம்.