வரலாற்றறிஞர் ஜதுநாத் சர்க்கார்



செஞ்சிக்கோட்டைக்கு நாம சுற்றுலா போனது ஞாபகம் இருக்கிறதா? ராஜகிரி மலை ஏறி மூச்சு வாங்கி நின்றபோது, "இங்கே எட்டு வருஷம் முற்றுகை நடந்தது" என்று சார் சொன்னார். "அதை யார் சார் பார்த்து எழுதி வெச்சாங்க?" என்று கேட்டேன். "நீயே தேடிப் பாரும்மா" என்றார். தேடினபோது கிடைத்த பெயர்தான் ஜதுநாத் சர்க்கார்.

இவர் 1870 டிசம்பர் 10-இல் வங்காளத்தில் கரச்மாரியா கிராமத்தில் பிறந்தார். இப்போது அது வங்கதேசத்தில் உள்ளது. 1892-இல் ஆங்கிலத்தில் எம்.ஏ. முடித்தார். பாட்னா, காசி, கட்டாக் ஊர்களில் பாடம் நடத்தினார். 1926 முதல் 1928 வரை கல்கத்தா பல்கலைக்கழகத் துணைவேந்தர்.

ஔரங்கசீப் வரலாற்றை எழுத வேண்டும் என்பது அவர் ஆசை. ஆனால் முகலாயர் கடிதங்கள் பாரசீக மொழியில் இருந்தன. மராட்டியர் பக்கத்துச் செய்தி மராத்தியில் இருந்தது. தெருச்சண்டையில் ஒருத்தர் சொல்வதை மட்டும் கேட்டால் நியாயம் தெரியுமா? அதனால் இரண்டு மொழியையும் கற்றார். ஔரங்கசீப் வரலாறு 1912 முதல் 1924 வரை 5 பாகங்களாக வந்தது.

மொழிபெயர்ப்பும் செய்தார். 'மாசிர்-இ-ஆலம்கிரி' என்ற பாரசீக நூலை 1947-இல் ஆங்கிலத்தில் தந்தார். வில்லியம் இர்வின் என்பவர் முடிக்காமல் இறந்துபோன நூலைப் பதிப்பித்து வெளியிட்டார். தன் பெயருக்காக மட்டும் உழைக்காமல் அடுத்தவர் உழைப்பையும் காப்பாற்றியது எனக்கு ரொம்பப் பிடித்தது.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். சிவாஜியின் மகன் ராஜாராம் செஞ்சியில் இருந்தார். முகலாயப் படை 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டது. அந்தப் படையோடு வந்தவர் பீம்சேன் என்ற கணக்கர். கண்ணால் கண்டதைப் பாரசீகத்தில் எழுதி வைத்தார். அதையும் சர்க்கார் மொழிபெயர்த்தார். அவர் 1958-இல் காலமான பிறகு, 1972-இல் அது அச்சானது. பாருங்க, நம்ம செஞ்சியின் கதை நமக்குத் தெரியாத மொழியில் இத்தனை காலம் இருந்திருக்கு!

சர்க்காரின் முடிவுகள் சிலவற்றைப் பின்னால் வந்த அறிஞர்கள் மறுத்தார்கள். ஔரங்கசீப்பைப் பற்றி அவர் சொன்னதற்கு எதிர்ப்பு உண்டு. அது தப்பில்லை என்று நினைக்கிறேன். மூல ஆவணம் கையில் இருந்தால்தானே சரியா தப்பா என்று பேசவே முடியும்?

வரலாறு என்றால் வருஷத்தை மனப்பாடம் பண்ணுவது என்று நினைத்து, அரைப் பரீட்சையில் கோட்டை விட்டவள் நான். ஒவ்வொரு வருஷத்துக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் கண்விழித்துப் படித்திருக்கிறார் என்று இப்போது புரிகிறது.

நம் ஊர் ஏரி மதகுப் பக்கம் எழுத்து வெட்டின கல் ஒன்று கிடக்கிறது. அதன்மேல் உட்கார்ந்து புளியங்காய் தின்கிறோம். அதில் என்ன எழுதியிருக்கு என்று யாருக்காவது தெரியுமா? சனிக்கிழமை சாரோடு போய்ப் பார்க்கலாம். யார் யார் வர்றீங்க?